சொல்லிக்கொடுப்பவர் எப்போது படிப்பது?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கால்கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் கைவரும். உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைத் தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இதை அப்படியே நம்பினால், தமிழ்நாட்டில் இன்று மிக வேகமாகக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் டியூஷன் எடுப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். மாலை ஐந்திலிருந்து எட்டரை வரை, வாரத்தில் ஆறு நாள், அவர்கள் எடுத்துரைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள் அடிக்கடி கேட்கும் குறை இதற்கு நேர் எதிரானது: பிள்ளைகளைப் படிக்கவைப்பதிலேயே பொழுது போய்விடுகிறது, நம் படிப்பு நின்றுபோய்விட்டது. பவணந்தியார் தவறு செய்துவிட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் கணக்கில் இருக்கும் வரிசையையும் ஒரு நிபந்தனையையும் நாம் விட்டுவிட்டுப் படிக்கிறோம். எடுத்துரைப்பது மூன்றாவதாக வருகிறது, முதலாவதாக அல்ல. அதுவும் செம்மையாக உரைத்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது. டியூஷனையும் சொந்தப் படிப்பையும் தொழில் முன்னேற்றத்தையும் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு விடை நேரப் பங்கீட்டில் இருப்பதைவிட இந்த வரிசையிலும் நிபந்தனையிலும்தான் அதிகம் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் இந்த வேலையைச் செய்பவர்கள் யார் என்று பார்க்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. ஏட்டில் உள்ளது நடப்பில் எவ்வளவு என்பது வேறு கதை. இருந்தாலும் அந்தத் தடை தெருக்கோடி டியூஷனை இன்னொரு கூட்டத்தின் கையில் சேர்க்க உதவியது. பி.எட். முடித்து நியமனத்துக்குக் காத்திருப்பவர், பொறியியல் படித்து வேலை கிடைக்காதவர், டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகும் பட்டதாரி, திருமணத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே போய் வேலை பார்க்க முடியாத எம்.எஸ்சி. படித்த பெண். இவர்களுக்கு வாடிக்கையாளர்கள் குறையவும் இல்லை. கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வின்படி ஊரக இந்தியாவில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களில் கட்டணம் கொடுத்துத் தனிப்பயிற்சிக்குப் போனோர் 2018இல் 26.4 விழுக்காடு, 2022இல் 30.5 விழுக்காடு. முதலீடு ஒரு கரும்பலகையும் ஒரு பாயும்தான். வேறு வேலை கிடைக்கும்வரை என்று தொடங்கப்படும் வேலை இது. கேள்வியின் முள்ளும் அங்கேதான் இருக்கிறது, அந்த ‘வேறு வேலை’க்குப் படிக்க வேண்டிய நேரத்தையே இது எடுத்துக்கொள்கிறது.

நேரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு உண்மையா என்று சோதிக்கலாம். இதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். சம்பள ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இது இங்கிலாந்துக்குப் போனது. பெல்லுக்குச் செலவு மிச்சம் என்பதும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் இதையே அளந்து பார்த்தார்கள். பார்க், ஷூல் ஆகியோரின் 1980ஆம் ஆண்டுச் சோதனையில், பிறருக்குக் கற்பிக்கப் போகிறோம் என்று நினைத்துப் படித்தவர்கள் தேர்வுக்கென்று படித்தவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். மாணவரே மாணவருக்குக் கற்பித்தது பற்றிய ஆய்வுகளைக் கோஹனும் இரு குலிக்குகளும் 1982இல் தொகுத்தபோது, கற்பித்தவர்களின் தேர்ச்சியை அளந்த 38 ஆய்வுகளில் 33இல் கற்பித்தவர்களே மற்றவர்களை முந்தியிருந்தார்கள். ஆக, அரைப் பங்கு வெறும் கற்பனை அல்ல. ஆனால் இந்த ஆய்வுகளில் வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பாடத்தை முதல் முறையோ இரண்டாம் முறையோ கற்பித்தவர்கள். அதே ஒன்பதாம் வகுப்பு அறிவியலை ஏழாவது ஆண்டாக எடுப்பவர் அதில் இல்லை.

அந்த ஏழாவது ஆண்டில் என்ன நடக்கும் என்று ஊகிக்க ராஸ்கோ, சி ஆகிய இருவர் 2007இல் எழுதிய விரிவான மீளாய்வு உதவுகிறது. கற்பிப்பவர்கள் பெரும்பாலான நேரம் தமக்குத் தெரிந்ததை ஒப்பிக்கிறார்கள்; தம் அறிவைத் திருத்திப் புதிதாகக் கட்டிக்கொள்வது அரிதாகவே நடக்கிறது; ஆதாயம் இரண்டாவது வகையிலிருந்துதான் வருகிறது என்பது அவர்கள் முடிவு. மாணவன் கேட்கும் ஒரு நல்ல கேள்வி ஒப்பித்தலை முறித்துச் சிந்தனையைத் தொடங்கிவைக்கலாம். கோ, லீ, லிம் ஆகியோர் 2018இல் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. குறிப்பைப் பார்க்காமல் கற்பித்தவர்களும், கற்பிக்காமல் தனியாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். எழுதிவைத்ததைப் பார்த்துக் கற்பித்தவர்கள் அவர்களுக்குப் பின்தங்கினார்கள். அதாவது கற்பித்தல் என்ற செயலில் மந்திரம் எதுவும் இல்லை. நினைவைத் தோண்டி எடுக்கும் உழைப்பில்தான் பலன். நம் டியூஷன் வகுப்பை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சங்கடமாக இருக்கும். ஒரே அறையில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இருபது பிள்ளைகள், கையில் கைடு, புக் பேக் வினாக்களுக்கு விடை குறித்துக்கொடுத்து, ஒரு மதிப்பெண் வினாக்களை ஒப்பிக்கச் சொல்லி, வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்ப வேண்டும். பெற்றோர் காசு கொடுப்பது இதற்குத்தான். ‘ஏன் சார்?’ என்று கேட்கும் பையனுக்கு இந்த அறையில் நேரம் கிடையாது. நன்னூலின் நிபந்தனை இங்கே உடைகிறது, உரைப்பவரின் சோம்பலால் அல்ல, அவர் விற்கும் பண்டத்தின் தன்மையால்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. டியூஷன் பாடமும் இலக்கும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்குமே என்பார்கள். அதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வு. பத்தாம் வகுப்புத் தரத்தில் 200 வினாக்கள். அவற்றில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தயாரிப்பின் அடித்தளம் ஆறு முதல் பத்து வரையான பள்ளிப் பாடநூல்கள், கூடவே மேல்நிலை வகுப்பு நூல்கள். டியூஷன் எடுப்பவர் நாள்தோறும் புரட்டுவதும் அதே புத்தகங்கள்தான். இதைவிடப் பொருத்தம் வேறு வேண்டுமா? ஆனால் போட்டியின் அளவைப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டு குரூப் 4 அறிவிப்பில் இருந்த 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இந்த நெரிசலில் பாடம் தெரிவது நுழைவுச் சீட்டு மட்டுமே. தேர்ச்சியைத் தீர்மானிப்பது அடிக்குறிப்பிலும் பெட்டிச் செய்தியிலும் இருக்கும் விவரம், மூன்று மணி நேரத்தில் 200 வினாக்களை முடிக்கும் வேகம், குழப்பும் நான்கு விடைகளில் சரியானதைப் பிரித்தறியும் பழக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வரலாற்றை விளக்கும்போது இவை எவையும் பயிற்சி பெறுவதில்லை. மாறாக, ‘இந்தப் பாடம் எனக்குத் தெரியும்’ என்ற நிறைவு மட்டும் வளர்கிறது. அது ஆபத்தான நிறைவு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை நினைவுகூரலாம்: பல லட்சம் பேர் எழுதியதில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஒன்றரை மணி நேரம் போதாது என்ற புகார் நியாயமானது. அக்டோபர் மறுதேர்வில் மூன்று மணி நேரம் தரப்பட்டது. அப்போதும் தேறியவர்கள் சிறுபான்மையே. கற்பிக்கத் தகுதி பெற்றவர்கள் தாம் கற்பிக்கும் பாடத்திலேயே தேர்வு எழுதித் தடுக்கிய நிகழ்ச்சி அது. பாடநெருக்கம் உதவாது என்று நான் சொல்லவில்லை. உதவும் என்று நம்பித் தனியாகப் பயிற்சி எடுக்காமல் விடுவதுதான் இழப்பு. இந்த வகையில் நிரலெழுதக் கற்றுக்கொண்டே பிளஸ் டூ இயற்பியல் எடுக்கும் பொறியியல் பட்டதாரி ஒரு விதத்தில் பாக்கியசாலி: டியூஷன் தன் படிப்புக்கு உதவாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும், அதனால் அதைக் கூலியாக மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவார்.

சரி, விடுபட்ட மற்ற இரண்டு கால்கள்? டியூஷன் ஆசிரியரின் நாளில் அவருக்கு ஆசிரியர் இல்லை, உடன் பயில்வோரும் இல்லை. அறையில் இருப்பவர்கள் எல்லோரும் அவரைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள். அவருடைய தவறைத் திருத்த அங்கே யாரும் கிடையாது. ஐந்தாறு ஆண்டுகள் இப்படிப் போனால் தவறே இல்லை என்று தோன்றிவிடும். இந்த நிலையிலிருந்து வெளியேறியவர்களின் வரலாறுகளைப் பார்த்தால், அவர்கள் டியூஷன் நேரத்தைச் சாமர்த்தியமாகக் குறைத்தவர்களாக இருப்பதைவிட, விடுபட்ட கால்களில் ஒன்றை எப்படியோ மீட்டவர்களாக இருப்பது தெரிகிறது. 1900இல் பட்டம் பெற்ற ஐன்ஸ்டைனுக்குப் பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை கிடைக்கவில்லை. தற்காலிக ஆசிரியராகவும் ஒரு தனியார் விடுதியில் பயிற்சியாளராகவும் இருந்துவிட்டு, 1902 பிப்ரவரியில் பெர்ன் நகர நாளிதழில் கணிதமும் இயற்பியலும் கற்பிப்பதாக விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்தவர் மொரீஸ் சொலொவின் என்ற ருமேனிய மாணவர். பாடம் சீக்கிரமே வாக்குவாதமாக மாறியது. கான்ராட் ஹாபிக்ட்டும் சேர்ந்துகொள்ள, மூவரும் ஹ்யூம், மாக், புவான்கரே ஆகியோரை வரிவரியாகப் படித்துச் சண்டையிட்டார்கள். தமக்குத் தாமே ‘ஒலிம்பியா அகாதமி’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்துக் கற்க வந்தவர் உடன் பயில்பவராக மாறிவிட்டார். அதே ஆண்டு ஜூனில் காப்புரிமை அலுவலக வேலை கிடைத்தபின் வயிற்றுப்பாட்டுக்கு டியூஷன் தேவைப்படவில்லை. அந்த வட்டம் மட்டும் தொடர்ந்தது. ஐன்ஸ்டைனை யாருக்கும் முன்மாதிரியாகக் காட்டுவது அபத்தம். மேதைமையை விலக்கிவிட்டு ஏற்பாட்டை மட்டும் பார்த்தாலும் செய்தி ஒன்று இருக்கிறது: பத்து மாணவர்களில் ஒருவராவது நம்மோடு வாதிடக்கூடியவராக இருப்பது கட்டணத்தைவிடப் பெரிய வரவு.

மேரி கியூரியின் கதை இன்னும் பொருத்தமானது, ஏனென்றால் அது மெதுவானது. அப்போது மரியா ஸ்க்வொடோவ்ஸ்காவாக இருந்த அவர் 1886 ஜனவரியில், பதினெட்டு வயதில், வார்சாவுக்கு வடக்கே ஷ்சூகி என்ற ஊரில் ஒரு குடும்பத்துக்கு வீட்டு ஆசிரியையாகப் போனார். ஆண்டுச் சம்பளம் 500 ரூபிள். பாரீஸில் மருத்துவம் படிக்கும் அக்கா பிரோனியாவுக்குப் பணம் அனுப்புவது, பிறகு அக்கா இவரை அங்கே படிக்கவைப்பது என்று சகோதரிகளுக்குள் ஒப்பந்தம். பகலெல்லாம் வேலை, அதற்கு மேலாக உள்ளூர் உழவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் இலவச வகுப்பு, அதுவும் ருஷ்ய ஆட்சியின் கீழ் ஆபத்தான காரியம். இரவில் இயற்பியல், உடற்கூறு, சமூகவியல் நூல்கள். வாசிப்பு சலித்தால் கணக்குப் போட்டுப் பார்ப்பார். இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய கண்விழிப்பு அல்ல. கண்விழிப்பைப் புகழ்ந்து எழுதும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே அதிகம். கணிதத்தில் அவருடைய தந்தை கடிதம் வழியாக வழிகாட்டினார். ஆசிரியர் என்ற முதல் கால் அஞ்சலில் வந்தது. தனக்கு ஆர்வம் இலக்கியத்திலோ சமூகவியலிலோ அல்ல, கணிதத்திலும் இயற்பியலிலும்தான் என்று அந்த ஆண்டுகளில் பல துறைகளைப் புரட்டிப் பார்த்துத்தான் அவர் முடிவுக்கு வந்தார். இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். 1890இல் பிரோனியா ‘இப்போது வா’ என்று எழுதியபோது மரியா தயங்கினார், ஏறத்தாழ மறுத்தே எழுதினார். ஆண்டுக்கணக்கில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதில், பாரீஸ் தனக்கில்லை என்று நம்பத் தொடங்கியிருந்தார். வார்சாவின் தொழில், வேளாண் அருங்காட்சியகத்தில் உறவினர் ஒருவர் நடத்திய ஆய்வுக்கூடத்தில் மாலை நேரங்களிலும் ஞாயிறுகளிலும் பரிசோதனைகள் செய்து பார்த்த பிறகே அந்தத் தயக்கம் விலகியது. 1891 நவம்பரில் பாரீஸ் போனார். 1893இல் இயற்பியல் பட்டத்தேர்வில் முதலிடம். புத்தகம் மட்டும் படித்துக்கொண்டிருந்த காலம் அவரைக் காப்பாற்றியது. சொந்தக் கையால் சோதிக்க ஓர் இடம் கிடைத்ததுதான் அவரை நகர்த்தியது.

இந்த இடத்தில் நியாயமான கோபத்தோடு ஒருவர் குறுக்கிடலாம்: பிரச்சினை வறுமை, நீங்கள் முறைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. பத்து மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மாலை வரை டியூஷன் ஆசிரியருக்கு ஓய்வு என்பது ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும். வீட்டோடு டியூஷன் எடுக்கும் பெண்ணுக்கு அந்த ஆறு மணி நேரம் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் ஏற்கனவே எழுதிவைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டதாகவும், அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு இத்திட்டம் காரணம் என்றும் கணக்கிட்டது. பிள்ளைகளின் ஆதாயம் அளக்கப்பட்டது. கற்பித்த பெண்கள் என்ன கற்றார்கள், எங்கே போனார்கள் என்பது அந்த ஆய்வின் கேள்வி அல்ல. நேரம் என்பது யாராவது விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்பதற்கு ராமானுஜனைவிடத் தெளிவான சான்று கிடையாது. எஃப்.ஏ. தேர்வில் தோற்றபின் அவரும் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். பாடத்திட்டத்துக்குள் நிற்க முடியாததால் அது தொழிலாக நிலைக்கவில்லை என்பார்கள். புரவலர் ராமச்சந்திர ராவ் கொடுத்த மாதம் 25 ரூபாய், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் 30 ரூபாய் எழுத்தர் வேலை, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் தந்த 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை ஆகியவைதான் அவருக்கு நேரத்தை வாங்கித் தந்தன. இன்று நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்குப் பத்து மாதங்கள் மாதம் 7,500 ரூபாய் தரப்படுகிறது. சரியான திசை, ஆனால் ஆயிரம் பேர். மற்றவர்கள் தம் படிப்பு நேரத்தைத் தாமே தம் டியூஷன் வருமானத்தால் வாங்க வேண்டியிருக்கிறது. முறை பற்றிய பேச்சுக்கு இடம் வருவது அங்கேதான். கூடுதல் வருமானம் வந்தவுடன் இன்னொரு பேட்ச் தொடங்குவதா, இருக்கும் ஒரு பேட்சைக் குறைப்பதா என்ற முடிவு வறியவருக்கும் ஒருநாள் வருகிறது. பெரும்பாலும் முதல் வழியே வெல்கிறது.

டியூஷனே என் தொழில், ஏன் அதை வழிப்போக்குச் சத்திரமாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. நல்ல கணித ஆசிரியராக வளர்வதும் வளர்ச்சிதான். ஆனால் அதற்கும் அந்த இரண்டு கால்கள் வேண்டும். 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, பழைய நோட்டை வைத்துக்கொண்டு ஆண்டுகளை ஓட்டியவர்கள் ஒரே கோடையில் மாணவர்களானார்கள். அன்று தடுமாறாதவர்கள் இடையில் எங்கேயோ யாரிடமோ கற்றுக்கொண்டிருந்தவர்கள்.

பெரிய ஆபத்து வேறொன்று. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மீரட் நகரின் வேலையில்லாப் பட்டதாரிகளைப் பற்றி கிரெய்க் ஜெஃப்ரி 2010இல் வெளியிட்ட ‘டைம்பாஸ்’ நூல், காத்திருப்பதே ஒரு வாழ்க்கைமுறையாக ஆகிவிடுவதைக் காட்டுகிறது. டியூஷன் அந்தக் காத்திருப்பைத் தாங்கக்கூடியதாக ஆக்குகிறது. கைச்செலவுக்குக் காசு, தெருவில் ‘சார்’, ‘மிஸ்’ என்ற மரியாதை, ‘தயாராகிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம். தாங்கக்கூடியதாக ஆனதாலேயே அது நீள்கிறது. மரியாவின் தயக்கம் இந்த வகைதான். டெஸ்ட் பேட்ச் ஒன்றில் சேர்ந்து வாரம் ஒருமுறையாவது சக தேர்வர்களோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத் தான் நகர்கிறாரா நிற்கிறாரா என்று தெரியும். வீட்டிலேயே படிப்பவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது முந்தையதன் எச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு புதியதைக் கெடுக்கிறது என்று சோஃபி லெரோய் 2009இல் காட்டினார். இரண்டு பேட்சுகளுக்கு நடுவே கிடைக்கும் அரை மணியில் சொந்தப் புத்தகத்தைத் திறப்பவர்கள் இதை அறிவார்கள். அந்த அரை மணிகளைக் கூட்டி நாளுக்கு ஒன்றரை மணி என்று கணக்குக் காட்டுவதைவிட ஆண்டுக்கணக்கு போடுவது நல்லது. டியூஷனின் ஆண்டு ஜூனில் தொடங்கி, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் ஏறி, மார்ச்-ஏப்ரல் பொதுத்தேர்வில் உச்சம் தொட்டு அடங்குகிறது. குரூப் 4 தேர்வுகளோ 2022இல் ஜூலை 24, 2024இல் ஜூன் 9, 2025இல் ஜூலை 12 என்று கோடையை ஒட்டியே நடந்திருக்கின்றன. ஆக, டியூஷன் எடுப்பவருக்கு மே மாதம் கடவுள் கொடுத்த மாதமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மே மாதத்துக்கு யாரும் ஃபீஸ் கட்டுவதில்லை. ஜூனில் பிள்ளையைச் சேர்க்கும்போதே ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பத்துத் தவணையில் வாங்கி, மாதந்தோறும் ஒரு பங்கை மேக்கு எடுத்துவைப்பவர் அந்த மாதத்தில் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். மாதாமாதம் வாங்கி மாதாமாதம் செலவழிப்பவர் அதே மே மாதத்தில் கோடைகால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருப்பார்.